ஆடியில் வந்தால் மணல், தையில் வந்தால் பறவை

புலம்பெயர்ந்து வாழும் அச்சுவேலி உறவுகளுக்கு,



அச்சுவேலியிலும், பத்தமேனி, தோப்பு, கதிரிப்பாய், இடைக்காடு, நவக்கிரி என்று அதை ஒட்டிய ஊர்களிலும் பிறந்து, இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் பிள்ளைகளை வளர்க்கும் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தி வாசித்துக் காட்டுங்கள். சொல்லப்போவது பெரும்பாலும் அவர்களைப் பற்றியது.

உங்களில் பலர் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிராண்ட் கன்யன் தேசியப் பூங்காவைப் பார்த்து வந்துவிட்டீர்கள். அடுத்த கோடையில் போக ஆயத்தம் செய்கிறவர்களும் இருக்கிறீர்கள். அந்தப் பயணத்துக்கு நீங்கள் எடுக்கிற முயற்சியைக் கேட்கும்போது எனக்கு உங்கள்மேல் மதிப்பு வருகிறது. பள்ளத்தாக்கின் அடியிலுள்ள பான்ரம் ராஞ்ச் விடுதியில் ஓர் இரவு தங்குவதற்கு 15 மாதங்களுக்கு முன்பே குலுக்கலுக்குப் பெயர் கொடுக்க வேண்டும், கொடுக்கிறீர்கள். கோடையில் காலை 10 மணிக்கும் பின்னேரம் 4 மணிக்கும் இடையில் பள்ளத்தாக்கினுள் நடக்க வேண்டாம் என்று பூங்காக்காரர் சொல்கிறார்கள், கேட்கிறீர்கள். ஒரே நாளில் ஆற்றங்கரைவரை இறங்கித் திரும்பி ஏற முயலாதீர்கள் என்கிறார்கள்; அதையும் கேட்கிறீர்கள். சிறிய பிளாஸ்ரிக் போத்தல்களில் தண்ணீர் விற்பதை அங்கே 2012இல் நிறுத்தினார்கள். அதனால் வீட்டிலிருந்தே போத்தல் கொண்டுபோய்க் குழாயில் நிரப்பிக்கொண்டீர்கள். ஒரு கல்லைக்கூட எடுத்து வரவில்லை.

அதே குடும்பங்கள் ஊருக்கு வரும்போது நடப்பதை நான் வருடா வருடம் பார்க்கிறேன். ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறீர்கள். கல்யாணவீடு, செத்தவீடு, காணி அலுவல், நயினாதீவு, கீரிமலை எல்லாம் முடித்து, மிச்சமான ஒரு மத்தியானத்தில் வான் பிடித்து மணற்காட்டுக்குப் போகிறீர்கள். கால் சுடுகிறது. பிள்ளைகள் அழுகிறார்கள். நாலு படம் எடுத்துக்கொண்டு, குடித்த போத்தல்களை மணலிலேயே விட்டுவிட்டுத் திரும்புகிறீர்கள். சுண்டிக்குளம் என்று ஒரு தேசியப் பூங்கா குடாநாட்டின் கிழக்கு வாசலில் இருக்கிறது என்பது உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் கேட்பது ஒன்றுதான். அந்நிய தேசத்துப் பாலை நிலத்துக்குக் கொடுக்கும் திட்டமிடலில் பாதியை இந்த வறண்ட நிலத்துக்கும் கொடுங்கள். மாதம் பார்த்து வாருங்கள், நேரம் பார்த்து நடவுங்கள், தண்ணீர் கட்டிக்கொண்டு போங்கள், அந்த மண்ணின் கட்டுப்பாடுகளுக்கு அடங்கி நில்லுங்கள். சொந்த ஊர் என்ற உரிமை அதை அலட்சியமாகப் பார்க்கத் தரப்பட்ட உரிமை அல்ல.

புறப்படுமுன் ஊரிலேயே பார்க்கவேண்டியது ஒன்று உண்டு. கன்யனின் விளிம்பில் நீங்கள் நின்ற பாறைக்குக் கைபாப் சுண்ணாம்புக்கல் என்று பெயர். ஏறத்தாழ 27 கோடி வருடங்களுக்கு முன் கடலடியில் படிந்தது. எங்கள் வீட்டுக் கிணறு வெட்டும்போது அலவாங்கில் இடறுகிற சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது. வயதில் மிகவும் இளையது, ஆனால் அதுவும் கடலடியில் படிந்ததுதான். அங்கே கொலராடோ ஆறு மேலிருந்து அறுத்துக்கொண்டே போய் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் ஆழமாகவும் 446 கிலோமீற்றர் நீளமாகவும் பள்ளம் வெட்டியது. எங்களுக்கு வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. இங்கே மழைநீர் கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, உள்ளே இருந்துகொண்டு கல்லைக் கரைத்தது. கரைந்த குகையின் கூரை இடிந்து விழுந்த இடங்களில் குழிகள் திறந்தன. நவக்கிரியிலுள்ள நிலவரை அப்படித் திறந்த ஒன்று. இராமர் அம்பு எய்து தண்ணீர் எடுத்தார் என்று உங்கள் அம்மம்மா சொல்லியிருப்பார். அந்தக் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்; கூடவே இதையும் சொல்லுங்கள். மேலே நிற்கும் தண்ணீர் நன்னீர், ஆழம் போகப் போக உவர். பாரமான கடல்நீரின்மேல் மழைநீர் மிதந்துகொண்டிருக்கிறது. மேலே உள்ளதை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே உள்ள உப்பு எழும்பி வரும். குடாநாட்டின் சீவியமே இந்த மெல்லிய நன்னீர்ப் படையில்தான் தங்கியிருக்கிறது. இது விளங்கிய பிள்ளைக்கு மணற்காடும் சுண்டிக்குளமும் தானாகவே விளங்கும். ஆகவே பயணத்தின் முதல் அரைமணி நேரம் நிலவரைப் படிக்கட்டில் போகட்டும்.

அங்கிருந்து பருத்தித்துறை வீதியில் ஏறினால் வல்லை வெளி. காற்றுக்கு மறைப்பே இல்லாத உவர் நிலம் அது. ஆடி மாதச் சோளகம் அடிக்கும்போது சைக்கிளில் வல்லைப் பாலத்தைக் கடந்தவர்களுக்கு அந்தக் காற்று இன்றும் மறந்திராது. வெளியின் நிறம் கோடையில் வேறு, மாரியில் வேறு. வானை நிறுத்தி இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். நெல்லியடி தாண்டி வல்லிபுரம் போனால் மணல் தொடங்கிவிடும். வல்லிபுர ஆழ்வாரைக் கும்பிட்டுவிட்டுப் போங்கள். புரட்டாதிப் பௌர்ணமியையொட்டிச் சமுத்திர தீர்த்தத்துக்குச் சுவாமி கடலுக்கு எழுந்தருளும்போது சனம் முழுக்க மணலை மிதித்துத்தான் பின்னால் நடக்கும். அந்த மணலுக்குக் கீழே மிகப் பழைய குடியிருப்பு ஒன்று புதைந்து கிடக்கிறது. 1936இல் வசப மன்னன் காலத்துப் பொற்சாசனம் கிடைத்தது இங்கேதான்.

இனி மணற்காடு. இதை "இலங்கையின் பாலைவனம்" என்று விளம்பரம் செய்கிறார்கள். புவியியல் கணக்கில் அது சரியல்ல. கன்யனின் அடித்தளத்துக்கு வருடம் முழுவதும் கிடைப்பது இருநூறு மில்லிமீற்றர் சொச்சம் மழை. எங்கள் குடாநாட்டில் ஆயிரத்துக்கு மேல் பெய்கிறது. ஆனால் அதில் பெரும் பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். தை பிறந்தால் மழை குறையும். அதன்பிறகு மாதக்கணக்கில் வானத்தைப் பார்த்திருப்பதுதான் வேலை. ஆகவே இது வருடத்தில் பாதிக்காலம் பாலையாகவும் பாதிக்காலம் வெள்ளக்காடாகவும் இருக்கிற நிலம். எந்தப் பாதியைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

ஓகஸ்டில்தான் வரமுடியும் என்றால் அதற்கும் ஒரு முறை உண்டு. அதிகாலை நாலரைக்கு அச்சுவேலியிலிருந்து வெளிக்கிடுங்கள். விடியும்போது மணல்மேட்டின் உச்சியில் நிற்க வேண்டும். இரவிரவாகக் காற்று வாரி அடித்து, நேற்றைய காலடிகளையெல்லாம் அழித்து, மணலில் வரிவரியாக மடிப்பு விட்டிருக்கும். நண்டு ஓடிய தடமும் பாம்பு ஊர்ந்த தடமும் அந்த நேரத்தில் மட்டும் தெளிவாகத் தெரியும். குனிந்து பார்த்தால் இராவணன் மீசை தெரியும். ஊசி போலக் கூரான இலைகளுடன் பற்றையாகப் பரந்திருக்கும் புல் அது; கை வைத்தால் குத்தும். அதன் விதைத்தலை முள்ளுப் பந்து போல இருக்கும். காய்ந்ததும் தண்டிலிருந்து கழன்று காற்றில் உருண்டு ஓடத் தொடங்கும். கம்பி போன்ற கால்கள் மணலில் பட்டும் படாமலும், ஆளில்லாத மேட்டில் தானாக நடந்து போவது போல ஓடும். ஓடுகிற வழியில் விதைகளை உதிர்த்துக்கொண்டு போகும். விழுந்த இடத்தில் முளைத்து, வேர்விட்டு, மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடம்பன் கொடியும் அதே வேலையைச் செய்கிறது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் மணல்மேடு ஓரிடத்தில் நிற்காது. மணல் நகர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அங்கேயே சாட்சி இருக்கிறது. பழைய அந்தோனியார் கோயிலின் இடிந்த சுவர்கள் மணலுக்குள் புதைந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். மணலைத் தடுக்கத்தான் அந்தக் கரையில் சவுக்கு மரங்களை நட்டு வளர்த்தார்கள்.

ஆகவே மேட்டின்மேல் மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டாம். சறுக்கி விளையாட விரும்பும் பிள்ளைகளைப் புல்லில்லாத வெறும் சரிவுக்குக் கூட்டிப்போங்கள். ஒரு ரயர் அறுத்துப்போகும் கொடி திரும்பப் படர ஒரு மாரி வேண்டும். எட்டரை மணிக்கெல்லாம் இறங்கிவிட வேண்டும். அதன்பிறகு அது பிள்ளைகளுக்கான இடமல்ல. வெறுங்காலுடன் விடாதீர்கள்.

இந்த மணல் வெறுமனே பார்க்கிற காட்சி என்று நினைத்துவிட வேண்டாம். மாரி மழையை அப்படியே உறிஞ்சி, கடல்நீருக்கு மேலே நன்னீராக அடக்கி வைத்திருப்பது இந்த மணல்தான். கரையோரக் கிராமங்களில் கடலுக்குக் கூப்பிடு தூரத்திலேயே ஆழமில்லாத கிணறுகளில் குடிதண்ணீர் எடுக்க முடிவது அதனால். அம்பன், நாகர்கோவில் பக்கத்து வெண்மணல் கண்ணாடி செய்ய உகந்த சிலிக்கா மணல். விலைபோகிற மண் என்பதால் அதற்கு ஆபத்தும் அதிகம். இரவில் உழவு இயந்திரங்களில் கள்ளமாக ஏற்றிப்போகிறார்கள். உங்களில் சிலர் ஊரில் பெரிய வீடு கட்டுகிறீர்கள். கட்டுங்கள், சந்தோசம். ஆனால் அந்த மணல் அனுமதிப்பத்திரத்தோடு வந்ததா என்று மேசனிடமும் ஒப்பந்தக்காரரிடமும் கேளுங்கள். வெளிநாட்டுக் காசு கேள்வி கேட்காமல் வாங்குவதால்தான் அந்த இரவு ஓட்டம் நடக்கிறது.

மணற்காட்டிலிருந்து தெற்கே வடமராட்சி கிழக்கு வீதி இறங்குகிறது. குடத்தனை, அம்பன், நாகர்கோவில், செம்பியன்பற்று, மருதங்கேணி, தாளையடி, உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்று ஊர்கள் கடலோரமாகவே வரிசையாக வரும். இந்த வீதியைத் தூங்கிக்கொண்டு கடக்க வேண்டாம். நாகர்கோவிலில் 1995 செப்டெம்பர் 22 அன்று பாடசாலை வளாகத்தில் விமானக்குண்டுகள் விழுந்து மாணவர்கள் உயிரிழந்தார்கள். இன்று இருந்திருந்தால் அவர்களும் உங்களைப் போலப் பிள்ளைகளோடு விடுமுறை கழிக்கும் வயதில் இருந்திருப்பார்கள். உடுத்துறையில் 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையில் போனவர்களின் நினைவாலயம் இருக்கிறது. அங்கே இறங்குங்கள். கொஞ்ச நேரம் நில்லுங்கள். உங்கள் பிள்ளை ஏதும் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளுக்கு 24,000 கனமீற்றர் தண்ணீர் எடுக்கக்கூடியது. கிணற்றை மட்டும் நம்பி வாழ்ந்த குடாநாடு கடலை வடித்துக் குடிக்கும் நிலைக்கு வந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகள் அந்த இடத்தில் வைத்தே அறியட்டும்.

வீதியின் கோடியில் சுண்டிக்குளம். 1938இல் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடம். 2015 ஜூனில் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. பரப்பு 19,565 ஹெக்ரேயர். நெடுந்தீவும் அதே வருடம்தான் தேசியப் பூங்காவானது. அதற்கு இன்னொரு மடல் எழுத வேண்டும்.

சுண்டிக்குளம் நீரேரியின் கதை எங்கள் தண்ணீர்க் கதையோடு பின்னிக் கிடக்கிறது. வன்னியிலிருந்து கனகராயன் ஆறு கொண்டுவரும் வெள்ளம் ஆனையிறவு நீரேரியில் விழுந்து, கிழக்கே சுண்டிக்குளம் வழியாகக் கடலுக்குப் போய்விடுகிறது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். சுண்டிக்குளத்தில் அணைகட்டி அந்த வெள்ளத்தை மறிப்பது, முள்ளியான் கால்வாயால் வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவருவது, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவு போட்டுக் கடல்நீரை வெளியே நிறுத்துவது, காலப்போக்கில் குடாநாட்டின் உள் நீரேரிகளை நன்னீராக்குவது. யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று அந்தத் திட்டத்தைச் சனம் இன்றும் சொல்லும். அணைகளும் கதவுகளும் கட்டப்பட்டன. கால்வாய் முழுமையடையவில்லை. பிறகு யுத்தம் வந்தது. எங்கள் தண்ணீர்க் கஷ்டம் தீர அந்த வேலை முடிய வேண்டும் என்று விரும்புகிறவர்களில் நானும் ஒருவன். அதே நேரம், உவர்நீரை நம்பி வரும் பறவைகளுக்கும் இறால் தொழிலை நம்பி வாழும் குடும்பங்களுக்கும் என்ன வழி என்பதையும் அந்த வரைபடத்திலேயே எழுதி முடித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பூங்கா எல்லை போட்டபோது தங்கள் தொழில் நிலமும் உள்ளே போய்விட்டது என்று அந்தக் கரையோர மக்கள் சொல்லிவருகிறார்கள். நீங்கள் அங்கே விருந்தாளிகள். அவர்களிடம் மீன் வாங்குங்கள், விலை பேசாமல் வாங்குங்கள், அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள்.

இங்கே மாதம்தான் எல்லாம். ஓகஸ்டில் நீரேரி சுருங்கிவிடும். தண்ணீர் நின்ற இடத்தில் வெடித்த சேறும் உப்புப் பூத்த வெள்ளைத் தரையும் தொடுவானம்வரை கிடக்கும். பாலையைப் பார்க்க விரும்புகிறவருக்கு அதுவும் காட்சிதான். ஆனால் பறவைகளை எதிர்பார்த்து அந்த மாதத்தில் வந்தால் ஏமாந்து போவீர்கள். வடக்கே குளிர்காலம் நெருங்கும்போது வலசைப் பறவைகள் புறப்படும். பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வந்து சேரும். ஊசிவால் வாத்துகள் சைபீரியா போன்ற தூர தேசங்களிலிருந்து வருகிறவை. தை, மாசியில் மழை ஓய்ந்து, தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றி, மீன் ஒடுங்கும்போது சங்குவளை நாரைகள் வரிசையாக நடந்து வரும். பாதி திறந்த அலகைத் தண்ணீருக்குள் விட்டு இடமும் வலமும் அசைத்துக்கொண்டே வரும். அலகில் மீன் பட்டால் அக்கணமே மூடிக்கொள்ளும். கூழைக்கடாக்கள் கூட்டமாக நீந்தி மீனை வளைக்கும். பூநாரை வந்திருந்தால் உங்கள் பாக்கியம். அது தலையைக் கவிழ்த்து, அலகை மேல்கீழாக வைத்துச் சேற்றுநீரை வடிகட்டித் தின்னும். அதன் செந்நிறம் பிறவியிலேயே வருவதல்ல. தின்னும் பாசியிலும் கூனி வகைகளிலும் உள்ள நிறச்சத்து இறகில் ஏறுவது. குஞ்சுகள் சாம்பல் நிறமாகவே இருக்கும். தூரத்திலிருந்து முதலில் பார்க்கும்போது நீரேரியின் மேல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு மட்டும் தெரியும். தொலைநோக்கி இல்லாமல் போனால் அந்தக் கோட்டோடு திரும்பவேண்டியதுதான். ஆகவே ஒரு நல்ல தொலைநோக்கி கொண்டுவாருங்கள். திரும்பும்போது அதை ஊர்ப் பாடசாலை ஒன்றுக்குக் கொடுத்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

நத்தார் விடுமுறையில் உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு கிழமை கிடைக்கிறது. அந்த இரண்டு கிழமையின் பிற்பகுதி சுண்டிக்குளத்துக்குப் பொருந்தும். கார்த்திகை, மார்கழியில் புயலும் வெள்ளமும் வரக்கூடும், வீதி மூழ்கக்கூடும் என்பதால் ஒன்றிரண்டு நாட்களை மாற்றக்கூடியதாக வைத்திருங்கள். பாடசாலையில் ஒரு கிழமை விடுப்பு எடுத்துத் தைப்பொங்கல்வரை நிற்கக்கூடியவர்களுக்கு அதைவிடச் சிறந்த காலம் கிடையாது.

தேசியப் பூங்கா என்பது சட்டப்படி அனுமதியோடு நுழையும் இடம். வனசீவராசிகள் திணைக்களத்தின் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, எந்தப் பாதை திறந்திருக்கிறது, எதுவரை போகலாம் என்று அறிந்துகொண்டு போங்கள். 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. "நாங்கள் இந்த ஊர் ஆட்கள்தான்" என்ற பேச்சு அங்கே செல்லாது, செல்லவும் கூடாது. ட்ரோன் கொண்டுவருகிற பெடியன்கள் கவனியுங்கள்: சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதியில்லாமல் அதை இலங்கையில் பறக்கவிட முடியாது. அனுமதி இருந்தாலும் பறவைக் கூட்டத்தின் மேல் விடாதீர்கள். ஆயிரம் மைல் பறந்து வந்து இரைதேடும் பறவையை ஒரு படத்துக்காக எழுப்பி விடுவது பாவம்.

நீரேரியில் முதலை உண்டு. காலை நனைக்கலாம் என்று பிள்ளைகளை இறக்கிவிடாதீர்கள். கிழக்குக் கடல் வாடைக்காற்றுக் காலத்தில் மோசமானது, குளிக்க வேண்டாம். இன்னொன்று, எல்லாவற்றிலும் முக்கியமானது. நாகர்கோவிலிலிருந்து முகமாலை, கிளாலிவரை முன்னரங்கக் காவலரண்கள் இருந்த நிலம். கண்ணிவெடி அகற்றும் வேலை வருடக்கணக்காக நடந்துவருகிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம். பலகை இல்லாத இடத்திலும் ஊரவர் நடக்கும் பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்காதீர்கள், எந்த அவசரத்துக்கும்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றர் வேண்டும். இருபது லீற்றர்க் கலனில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு போத்தலில் நிரப்பிக்கொள்ளுங்கள். வழியில் வாங்கி எறிய வேண்டி வராது. மோர் ஒரு கான், தேசிக்காய் நாலு, உப்பு கொஞ்சம். சாப்பாட்டுக்கு வாழையிலையில் கட்டிய சோறு. மருதங்கேணிக்கு அப்பால் கடைகளை நம்பிப் போக வேண்டாம். குப்பைக்கு ஒரு சாக்கு வானில் இருக்கட்டும். அது நிரம்பித் திரும்பி வரட்டும். மணல் வீதியில் இறங்கவேண்டி வரும் என்று வான்காரரிடம் முதலே சொல்லி வையுங்கள். ஒரே நாளில் மணற்காட்டையும் சுண்டிக்குளத்தையும் பார்க்க நினைத்தால் இரண்டும் அரைகுறையாகப் போகும். இரண்டு நாள் ஒதுக்குங்கள், இரண்டும் விடியற்காலைப் புறப்பாடு.

அப்பப்பா, அம்மம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மேட்டில் ஏற முடியாவிட்டாலும் வானுக்குள் இருந்தபடி அவர்கள் சொல்லக்கூடியது நிறைய உண்டு. பழைய ஆட்களுக்கு இந்த வெளிகளில் எந்த மாதம் எந்தக் காற்று எழும்பும், எந்தப் பறவை வந்தால் மழை எத்தனை நாளில் வரும் என்ற கணக்கு மனப்பாடம். எந்தப் பூங்காவின் கையேட்டிலும் அது அச்சாகியதில்லை. அவர்கள் போனால் அதுவும் போய்விடும். பிள்ளைகளின் கைபேசியில் அதைப் பதிந்துகொள்ளுங்கள். தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுகிற பிள்ளைக்கும் பேர்த்தியிடம் பேச வழி தெரியாத பாட்டிக்கும் அந்த ஒரு நாள் நல்ல தொடக்கமாக இருக்கும்.

கிராண்ட் கன்யனுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள், பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். அங்கே அவர்கள் பழகிய ஒழுங்கை இங்கேயும் கொண்டுவாருங்கள். அதை நீங்கள் செய்து காட்டினால் ஊரில் இருக்கும் பிள்ளைகளும் பழகுவார்கள். எங்கள் பாடசாலைச் சுற்றுலாக்கள் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் போகின்றன, சுண்டிக்குளத்துக்குப் போவது குறைவு. இந்த விடயத்தில் ஊரிலுள்ள ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் எனக்கும் சேர்த்தே பொறுப்பு இருக்கிறது. உங்கள் குடும்பம் போகும் வானில் இரண்டு இருக்கைகளை ஊரிலுள்ள உங்கள் சொந்தப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஒதுக்குங்கள். செலவு பெரிதாகக் கூடாது.

வரும் மாரிக்கு யார் யார் வருகிறீர்கள் என்பதை ஆவணி முடியுமுன் வீட்டாருக்கு அறிவித்துவிடுங்கள். வாகனம், வழி தெரிந்த ஆள், அனுமதி ஆகியவற்றை முன்கூட்டியே ஒழுங்கு செய்ய அவர்களுக்கு அந்த அவகாசம் வேண்டும். தொப்பியும் தொலைநோக்கியும் நீங்கள் கொண்டுவாருங்கள். மோரும் கட்டுச்சோறும் எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
அச்சுவேலியிலிருந்து உங்கள் ஊரவன்